சோர்ந்துபோய் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. புதிதாக வருகிறவர்களும், வரலாமா வேண்டாமா என்று வாசல் வரைக்கும் வந்து யோசிக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு என் பதில்கள் இவை. நான் போதகர் இல்லை. கூட்டத்துக்குப் பாய் விரிக்கிற, யார் எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்ற ஜெபக்குறிப்பை நோட்டில் எழுதுகிற ஆள். ஆனாலும் இந்தக் கூட்டங்களில் மனிதர்கள் எப்படித் திடப்படுகிறார்கள், எப்படி நொந்துபோகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

சில பேர் ஒன்றாக உட்கார்ந்து பாடி, வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிற எல்லாக் கூடுகைகளையும்தான். சி.எஸ்.ஐ. சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம் என்று இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம். கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற அன்பியம். பந்தல் போட்டு நடக்கிற கன்வென்ஷன் கூட்டங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் என் மனசு சின்னக் கூட்டத்தின் பக்கம்தான்.

வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தால் கர்த்தர் கேட்க மாட்டாரா? எதற்காக நாலு பேர் முன்னால் போய் உட்கார வேண்டும்?

கேட்பார், சந்தேகமே வேண்டாம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணச் சொன்னவர் இயேசுதான். ஆனால் அவரே, தமக்கு மிகவும் கஷ்டமான இரவில், கெத்செமனே தோட்டத்துக்குள் தனியாகப் போகவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் கூட அழைத்துப்போய், என்னோடுகூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவருக்கே பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது என்றால், எனக்கு வேண்டாம் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு இடம், எனக்கு மிகவும் பிடித்தது, அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படுகிறார். நடுவில் கப்பல் உடைந்து, மெலித்தா தீவில் குளிர்காலத்தைக் கழித்து, விசாரணை எப்படி முடியுமோ என்று தெரியாமல் வருகிறார். ரோமில் இருந்த சகோதரர்கள் செய்தி கேள்விப்பட்டு எதிர்கொண்டுபோகிறார்கள். சிலர் மூன்று சத்திரம் வரைக்கும், சிலர் அதைத் தாண்டி அப்பியு புரம் வரைக்கும். அப்பியு புரம் ரோமிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று அந்தப் புஸ்தகத்தை எழுதின லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவர்களைக் கண்டு பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று மட்டும் எழுதுகிறார். ரோமாபுரி சபைக்கு அத்தனை ஆழமான நிருபம் எழுதின மனிதர், அதே சபையிலிருந்து வந்த சாதாரண விசுவாசிகளின் முகத்தைப் பார்த்துத் தைரியமடைகிறார். எதற்காகக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுகிற வசனம் இதுதான். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் வசனத்தைச் சொல்லி மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்த வசனத்துக்கு முந்தின வசனம், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவுவதைப் பற்றித்தான் பேசுகிறது.

பெரிய கன்வென்ஷனுக்குப் போனால் நல்லதா, பத்துப் பேர் கூடுகிற வீட்டுக்குப் போனால் நல்லதா?

இரண்டும் தருவது வேறு வேறு. பெரிய கூட்டத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பினதும், நான் ஒருவன்தான் மீதி என்று பிறகு ஓரேபில் புலம்பினதும் உங்களுக்குத் தெரியும். கர்த்தர் அவருக்கு முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்து, தூங்க விட்டு, பிறகுதான் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னார். பந்தலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கீர்த்தனையைப் பாடும்போது, வீட்டில் ஒரே கிறிஸ்தவராகவோ, அலுவலகத்தில் ஒரே விசுவாசியாகவோ இருக்கிறவருக்கு அந்த ஏழாயிரம் பேர் கண்முன் தெரிகிறார்கள். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் 1895-ல் தொடங்கின மாராமண் கன்வென்ஷன் இன்றைக்கும் பிப்ரவரியில் நடக்கிறது. அதன் முதல் கூட்டத்தில் பேசினவர்களில் ஒருவர், தமிழ் டேவிட் என்று அங்கே அழைக்கப்பட்ட நம் பக்கத்து ஊழியர். மொழி தாண்டிப் போய் ஒருவர் பேசினதும், ஆற்று மணலில் உட்கார்ந்து ஜனங்கள் கேட்டதும் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் பந்தலில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. நீங்கள் அடுத்த நாள் வராவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சின்னக் கூட்டம் உதவுவது அங்கேதான்.

இதற்கு, இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்டுகள் தங்கள் கூடுமிடத்துக்கு வாங்கின கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பாதிப் பேருக்கு அதுகூட இல்லையே என்ற பேச்சு வந்தது. அப்படியானால் மிகவும் ஏழைகளாக இருக்கிற பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்கள் கொடுக்க முடியாததை நான் சேர்த்துக் கொடுக்கிறேன் என்றார் அவர். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வாராவாரம் மற்றவர்களின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். போன இடத்தில்தான் யார் குடியில் விழுந்திருக்கிறார், யார் வீட்டில் சண்டை, யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது. பிறகு வீடு வீடாகப் போவதற்குப் பதில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஒவ்வொருவராகத் தங்கள் நிலையைச் சொல்வது வழக்கமாயிற்று. மெதடிஸ்ட் எழுப்புதல் நிலைத்து நின்றதற்கு வெஸ்லியின் பிரசங்கங்களோடு இந்தச் சின்னக் குழுக்களும் காரணம் என்று சபை வரலாறு எழுதினவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

கன்வென்ஷனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போங்கள். வாராவாரம் ஒரு வீட்டுக்குப் போங்கள்.

முதல் தடவை வருகிறேன். அங்கே என்ன நடக்கும்?

பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஏழு மணி என்று சொன்னால் ஏழேகாலுக்குத் தொடங்கும். பாய் விரித்திருப்பார்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி. ஒரு ஆரம்ப ஜெபம், இரண்டு மூன்று பாட்டு. யாராவது ஒரு அதிகாரம் வாசிப்பார்கள், சில இடங்களில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். போதகரோ சபை ஊழியரோ மூத்த விசுவாசி ஒருவரோ கொஞ்சம் பேசுவார். அப்புறம் சாட்சி, அதாவது தேவன் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்வது, பிறகு ஜெபக்குறிப்பு, ஜெபம், ஆசீர்வாதம், கடைசியில் டீயோ காபியோ, சுண்டலோ பிஸ்கட்டோ. அன்பியக் கூட்டத்தில் நற்செய்திப் பகுதியை வாசித்து, மௌனமாக இருந்து, மனசைத் தொட்ட சொல்லையோ வரியையோ ஒவ்வொருவராகச் சொல்கிற முறையைப் பல இடங்களில் பார்க்கலாம். அதற்கு ஏழு படிகள் வைத்திருக்கிறார்கள், தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து பரவின முறை அது. பேசத் தயங்குகிறவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல முறை, ஏனென்றால் ஒரே ஒரு வார்த்தை சொன்னால்கூட நீங்கள் பங்கெடுத்துவிட்டீர்கள்.

உங்களைப் பெயர் கேட்பார்கள், எந்த ஊர், எந்தச் சபை என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பழக்கம் அது, வேவு பார்ப்பதாக நினைக்க வேண்டாம். சொல்ல விருப்பம் இல்லாததைச் சொல்லாமல் விடலாம்.

பாட்டு தெரியாது, வசனம் எடுக்கத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. பாட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், பக்கத்தில் இருக்கிற அம்மா வசனத்தை எடுத்துக் காட்டுவார். பழைய கீர்த்தனைகளில் கடினமான தமிழ் இருக்கும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகள் இருநூறு வருஷத்துக்கு முந்தினவை, பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறவர்களுக்கே சில வரிகளுக்கு அர்த்தம் தெரியாது. கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஜெபக்குறிப்பு சொல்லச் சொன்னால் என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் கிடைக்கிற தேற்றமும் இங்கேதான், காயமும் இங்கேதான்.

முதலில் தேற்றம். நீங்கள் வாய் திறந்து, மகனுக்கு வேலை போய்விட்டது, வீட்டுக்காரர் பேசுவதில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எதையோ ஒன்றைச் சொல்கிறீர்கள். அதுவரைக்கும் உங்கள் தலைக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது இப்போது பத்துப் பேருடைய காரியம் ஆகிவிடுகிறது. அப்புறம் யாரோ ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி, அந்தக் காரியத்தைச் சொல்லி, சத்தமாக ஜெபிக்கிறார். தன் பெயரை இன்னொருவர் தேவனிடத்தில் சொல்வதைக் காதால் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வருஷக்கணக்காகச் சபைக்கு வந்தும் ஒருமுறைகூட அப்படிக் கேட்காதவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது காயம். சொன்னது வெளியே போய்விடுவது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில், அந்த வீட்டில் இப்படியாம், அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் உண்டு. நல்ல மனசோடுதான் செய்வார்கள். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அதனாலேயே நின்றுபோகலாம், ஒரு குடும்பம் அந்தத் தெருவிலேயே தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கலாம். அதனால் முதல் சில வாரம் பொதுவாகச் சொல்லுங்கள்: வீட்டில் சமாதானத்துக்காக, உடம்பு சுகத்துக்காக. அந்த இடத்தில் மற்றவர்களுடைய காரியங்களை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் வராதவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அதிலேயே தெரிந்துவிடும். மிகவும் அந்தரங்கமானதை எல்லோர் முன்னாலும் வைக்காமல், நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ தனியாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் ஜெபிக்கச் சொல்லலாம், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்குப் போனால் இன்னும் வேதனையாக இருக்கிறது.

இது உண்மையான கேள்வி, பலர் இதை வெளியே சொல்லாமலே கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை இல்லாத தம்பதி ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களுடைய பிள்ளைப்பேற்றுச் சாட்சியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை.

சாட்சி சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிந்துபோன கதைகளுக்கு மட்டும் இடம் கொடுக்கிற கூட்டம் பாதி வேதாகமத்தைத்தான் வாசிக்கிறது. சங்கீத புஸ்தகத்தில் முறையிடுகிற பாடல்கள்தான் அதிகம். எதுவரைக்கும் கர்த்தாவே என்று 13-ம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் முறையீடாகவே தொடங்கி முறையீடாகவே முடிகிறது, கடைசி வசனத்தில்கூட சிநேகிதர்கள் விலகிப்போனதைச் சொல்லித்தான் நிற்கிறது. அதுவும் சபை பாடின பாட்டுதான், அப்படிப்பட்ட ஒன்று வேதத்துக்குள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கூட்டத்தை நடத்துகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: இன்னும் பதில் வராத காரியங்களையும் சொல்ல ஒரு நேரம் வைக்கலாமா, ஒரு முறையீட்டுச் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிக்கலாமா என்று. எங்கள் கூட்டத்தில் அப்படிச் செய்யத் தொடங்கின பிறகு, எப்போதும் பின்னால் மௌனமாக உட்கார்ந்திருந்த சிலர் பேசத் தொடங்கினார்கள்.

அழுகை வந்துவிட்டால்?

அழுங்கள். யாராவது தோளில் கை வைப்பார்கள். தொடுவது பிடிக்காது என்றால் சொல்லிவிடலாம். உடனே ஆறுதல் வசனம் சொல்ல வருகிறவர்களும் இருப்பார்கள், கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும் என்று பக்கத்தில் இருக்கிறவர்தான் அவர்களைத் தடுக்க வேண்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான், பேசத் தொடங்கின பிறகுதான் எல்லாம் கெட்டது.

உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகமாகவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு போக மனசில்லை.

அந்த வார்த்தை உங்களுக்கு நேர்ந்ததற்காக வருத்தப்படுகிறேன். அதை மனசிலிருந்து எடுத்துப்போட வேண்டும், அதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். எபேசுவில் அவருடைய உடம்பிலிருந்து உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டு வியாதிக்காரர் சுகமானதாகச் சொல்லப்படுகிற அதே பவுல்தான். கூட ஊழியம் செய்தவரை வியாதியோடு விட்டுவந்தார், துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு இருந்தது, அதற்கு என்ன சாப்பிட வேண்டும் என்றுதான் அவருக்கு எழுதினார்.

அந்த ஒருவருக்காகக் கூட்டத்தையே விட வேண்டாம். ஆனால் கூட்டத்தை நடத்துகிறவரே அப்படிப் பேசுகிறார், மற்றவர்களும் ஆமென் போடுகிறார்கள் என்றால், வேறு கூட்டம் தேடுங்கள். அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபக்கூட்டத்துக்கு வருகிறேனே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் மோசமாகக்கூடும். நிறுத்தச் சொல்கிற ஊழியர் யாராக இருந்தாலும் அந்த விஷயத்தில் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ஜெபமும் மருத்துவமும் எதிரிகள் என்றால் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டியிருக்க மாட்டார். சி.எம்.சி. என்று அழைக்கப்படுகிற அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிற முறைக்குப் பேர்போனது. பக்கத்தில் ஆள் இருப்பதும் மருந்தும் சேர்ந்தே வேலை செய்யும் என்பதை ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையே காட்டியிருக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

காணிக்கை போட்டே ஆக வேண்டுமா?

இல்லை. பை வரும்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். இவ்வளவு போட்டால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று கணக்குச் சொல்கிற இடத்தில் சோர்ந்துபோனவர்கள் இருக்கவே வேண்டாம், ஏனென்றால் கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம்தான் அந்தப் பேச்சு எடுபடும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறார். வரலாமா?

தாராளமாக. கும்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். எங்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு மட்டும் சொல்லிவிட்டுப் போகிற அக்கம்பக்கத்தார் உண்டு.

எங்கள் ஊரில் ஜெபக்கூட்டமே சாதி பார்த்துத்தான் கூடுகிறது. அங்கே எப்படித் தேற்றம் கிடைக்கும்?

கிடைக்காது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். இது நேற்று வந்த நோய் இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி முற்றிலும், உடனே, நிரந்தரமாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றைக்கும் யார் வீட்டில் கூட்டம் வைப்பது, யார் வீட்டு டீயைக் குடிப்பது என்பதில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் கூட்டம் என்றால் மட்டும் சிலர் வராமல் போவார்கள், காரணமாக வேறு ஏதோ சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் புரியாதா?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் போடுவார்கள். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் பொங்கி, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதை மாசத்துக்கு ஒருமுறையாவது நம் கூட்டத்தில் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும். உங்கள் கூட்டத்தில் உங்களால் ஒன்று செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: யார் வீட்டுக்கு மற்றவர்கள் போகத் தயங்குகிறார்களோ அந்த வீட்டில் அடுத்த கூட்டம் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் முதல் ஆளாகப் போய்ச் சாப்பிடுங்கள்.

நான் ஊழியம் செய்கிறேன். எல்லோரையும் தேற்றுகிறேன். என்னைத் தேற்ற யார்?

இந்தக் கேள்வி போதகர்களிடமிருந்தும், அதைவிட அதிகமாகப் போதகர்களின் மனைவிமாரிடமிருந்தும் வருகிறது. சபையில் எல்லோருடைய கதையும் அவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய கதையைச் சொல்லச் சபையில் ஒருவரும் இல்லை. சொன்னால் கமிட்டிக்குப் போய்விடுமோ என்ற பயம்.

பவுலைத்தான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கெதோனியாவில் தனக்கு வெளியே போராட்டமும் உள்ளே பயமும் இருந்தது என்று எழுதிவிட்டு, தீத்து வந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். தரிசனத்தினால், தூதனால் என்று எழுதவில்லை, கூட ஊழியம் செய்த ஒரு மனிதர் வந்து சேர்ந்ததினால் என்றுதான் எழுதியிருக்கிறார்.

நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர், பிறகு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேடையில் அத்தனை மேல்நாட்டு மிஷனெரிகள் முன்னால் நின்று, நீங்கள் உங்கள் பொருளையும் உடலையும்கூடக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மாநாட்டில் சலசலப்பு எழுந்தது. மேல்நாட்டு மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் ஒன்றாக வேலை செய்தும் சமமாக உட்கார்ந்து சாப்பிடாத காலத்தில் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கு நம் ஊழியர்களுக்கும் அதே குறைதான், மேய்க்க ஆடுகள் இருக்கின்றன, கூட உட்கார நண்பர்கள் இல்லை.

வேறு சபை ஊழியர்கள் மூன்று நான்கு பேரோடு மாசம் ஒருமுறை கூடுங்கள். சபை எண்ணிக்கை, கட்டட நிதி இரண்டையும் பேசுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மனைவிமார் தனியாகக் கூடட்டும், சமையல் பொறுப்பு இல்லாத ஒரு இடத்தில். விசுவாசிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சபை ஐயருக்கோ பாஸ்டருக்கோ போன் செய்து, ஜெபக்குறிப்பு சொல்லாமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் ஐயா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் தொடங்கலாம் என்று இருக்கிறோம். எப்படி நடத்துவது?

எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மைக் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். சொன்ன நேரத்தில் முடியுங்கள், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒன்பதரை மணி வரைக்கும் உட்கார்வது பெரிய பாரம். பிரசங்கம் பதினைந்து நிமிஷம், ஒருவருக்கொருவர் ஜெபிப்பதற்கு அதைவிட அதிகம். டீயோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் சுண்டல் என்றால் அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று போய், கடைசியில் செலவுக்குப் பயந்து ஏழை வீட்டுக்காரர்கள் கூட்டத்தை ஏற்கவே மாட்டார்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்பதைச் சுருக்கமாக, வெளியார் படித்தால் புரியாதபடி எழுதுங்கள். அடுத்த வாரம் அதைப் பார்த்து, மாமியாருக்கு ஆபரேஷன் என்றீர்களே, எப்படி ஆயிற்று என்று கேளுங்கள். போன வாரம் சொன்னதை ஒருவர் நினைவில் வைத்துக் கேட்பதற்கு ஈடான ஊக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. வராதவர்களுக்கு மறுநாளே போன் செய்யுங்கள், ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்காமல், சுகமா என்று.

கூட்டத்தில் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய சோர்வு திரும்பி வருகிறது. அப்படியென்றால் அது வெறும் உணர்ச்சிதானா?

அப்படி நினைக்க வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டவருக்கு ராத்திரி மறுபடி பசிக்கிறது, அதனால் மத்தியானச் சாப்பாடு பொய்யாகிவிடாது. தினந்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வதே, நேற்றைய தைரியம் இன்றைக்குப் போதாது என்று தெரிந்துதான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஒருவரோடாவது பேசுங்கள். உங்கள் குழுவில் உங்களைப் போலவே இருக்கிற ஒருவரைப் பார்த்து வைத்துக்கொண்டு, வாரத்தின் நடுவில் ஒருநாள் அவருக்காக நீங்கள் போனிலேயே ஜெபியுங்கள். சோர்ந்திருக்கிறவர்கள் அடுத்தவருக்காக ஜெபிக்கும்போது தங்களுக்கும் ஏதோ லேசாகிறது என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

படுக்கையில் இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே வரவே முடியாது.

அப்படியானால் கூட்டம் உங்களிடம் வர வேண்டும். சபை ஊழியரிடம் சொல்லி மாசத்தில் ஒரு கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள், வீடு எப்படி இருந்தாலும் சரி, அம்மா படுத்திருக்கிற அறையிலேயே நாலு பேர் நின்றுகொண்டு பாடலாம். அல்லது கூட்டத்தில் இருக்கிற இரண்டு பேர் அம்மா பக்கத்தில் உட்காரட்டும், நீங்கள் அந்த ஒரு மணி நேரம் போய் வாருங்கள்.

ஊருக்குப் புதிது. எங்கே கூடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது இந்த வாரம் எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் என்று சொல்வார்கள், கவனமாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடமோ, பெண்கள் சங்கத்தில் இருக்கிற ஒரு அம்மாவிடமோ கேளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் பங்கு அலுவலகத்தில் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று சொல்வார்கள். முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், வழியில் என் வீடு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்கிற ஒருவர் அங்கேயே கிடைப்பார், அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.